முகம் காத்திருக்கும் பத்து நொடிகள்

பார்வையாளரே கதையின் போக்கைத் தீர்மானிக்கும் ஊடாடும் திரைப்படம் ஒன்றில் படத்தொகுப்பாளராகப் பணியாற்றியபோது என்னை மிகவும் சோதித்தவை, தேர்வுக்காகப் படம் காத்திருக்கும் பத்து நொடிகள்.

இறந்துபோன தாய் தன் மகனுக்கு எழுதிவைத்த கடிதம் மகளின் கையில் கிடைக்கிறது. தம்பியின் காலடியோசை வாசலில் கேட்கிறது. ‘கொடு’, ‘மறைத்துவை’ என்ற சொற்கள் திரையின் அடியில் தோன்றுகின்றன. பார்வையாளர் முடிவெடுக்கும்வரை நடிகையின் முகம் திரையில் நின்றாக வேண்டும்; அவர் எதை அழுத்தினாலும் அடுத்த ஷாட் அந்த முகத்திலிருந்து இயல்பாகத் தொடரவும் வேண்டும். முதலில் எடுத்த ஷாட்டில் நடிகையின் கண்கள் கலங்கியிருந்தன. தனியே பார்த்தால் அருமையான நடிப்பு. ஆனால் அது, ‘கொடு’ என்பதை அழுத்தினால் தொடரும் கதைக்கிளையோடு மட்டுமே ஒட்டியது. மறைக்கும் கிளையில், வெவ்வேறு பெண்கள் இருவரைச் சேர்த்துத் தைத்ததுபோல் தெரிந்தது. மீண்டும் எடுத்தபோது அவர் அழவில்லை. கடிதத்தின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நிமிர்த்தினார், ஒருமுறை வாசலைப் பார்த்தார். அவ்வளவுதான். இசையிலும் மெட்டு ஏதுமின்றி ஒற்றைச் சுருதியை மட்டும் நிறுத்திவைத்தோம்.

முதல் திரைக்கதையில் பதினொரு தேர்வுகள் இருந்தன. சட்டையின் நிறம், போகும் பாதை போன்ற சில்லறைத் தேர்வுகளில் பழகிய விரல் கடிதத்தையும் அதே வேகத்தில் கடந்துபோனதால், நான்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

1967ஆம் ஆண்டு மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் காட்டப்பட்ட ‘கினோ ஆட்டோமேட்’ படத்தின் பார்வையாளர்கள், இருக்கையிலிருந்த பச்சை, சிவப்புப் பொத்தான்களால் வாக்களித்தார்கள். எப்படி வாக்களித்தாலும் கதை இறுதியில் ஒரே இடத்துக்கே வந்துசேர்ந்தது. பத்து இடங்களில் இரண்டிரண்டாகப் பிரியும் கிளைகள் எங்கும் சேராமலே போனால் 1,024 முடிவுகளைப் படம்பிடிக்க வேண்டும்; நான்கே இடங்கள் என்றாலும் 16 முடிவுகள் என்பதால், கிளைகளை மீண்டும் இணைப்பது எங்களுக்கும் தவிர்க்க முடியாததாயிற்று. இதை ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடிதத்தைக் கொடுத்தவரும் மறைத்தவரும் அதே வழியனுப்பும் காட்சிக்கு வந்துசேர்ந்தாலும், தம்பி சொல்லும் “போயிட்டு வரேன்க்கா” மறைத்தவரின் காதில் வேறாக விழுகிறது. முன்னோட்டக் காட்சியில், மறைத்த ஒருவர் அந்த இடத்தில் திரையைப் பார்க்காமல் தலைகுனிந்திருந்தார். வழக்கமான திரைப்படத்தில் இரக்கத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாத்திரம் செய்த தவற்றுக்குப் பார்வையாளர் கூசுவதை அன்றுதான் கண்டேன்.

அதே காட்சியில் வேறொருவர் எதையும் அழுத்தவில்லை. நேரம் முடிந்ததும், நாங்கள் அமைத்திருந்தபடி, படம் தானாகவே மறைக்கும் கிளைக்குள் சென்றது. “நான் மறைக்கவில்லையே, என்னால் முடிவெடுக்க முடியவில்லை” என்று அவர் பிறகு சொன்னபோது, அவருடைய தயக்கத்துக்கு எங்கள் கதையில் இடமே வைக்கவில்லை என்பது புரிந்தது. இயக்குநரிடம் இன்னும் ஒரே ஒரு ஷாட் கேட்டேன்: கடிதம் கையில் இருக்கும்போதே கதவு திறக்கிறது, தம்பி அதைப் பார்த்துவிடுகிறான். அதற்காக மறுபடியும் ஒரு நாள் படப்பிடிப்புக்குச் சென்றோம்.