அப்டேட்டோடு வந்த தொல்லை

"எதைத் தேடினாலும் நடுவுல என்னமோ ஒண்ணு வந்துட்டுப் போகுதுடா" என்றார் அப்பா. உட்கார்ந்து பார்த்தேன். குரோமில் ஒரு சொல்லைத் தட்டியதும், முன்பின் தெரியாத ஒரு முகவரி கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. அதன் பிறகுதான் தேடல் முடிவுகள் வந்தன.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்ததும் திருடன் சிக்கிவிட்டான் என்றே நினைத்தேன். ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்ற பெயரில் ஒரு கோப்பு கிடந்தது. இணையப் பக்கங்களில் வீடியோ, விளையாட்டு ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதற்கு அப்டேட் இருப்பதாக இப்போது யார் சொன்னாலும் பொய். நல்லவேளையாக அப்பா அதை இறக்கியதோடு சரி, திறக்கவில்லை. கோப்பை அழித்தேன், ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். எதுவும் சிக்கவில்லை. தொல்லையும் போகவில்லை.

அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன்களின், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னச் செயலிகளின், பட்டியலுக்குப் போனேன். மொத்தம் பதினொன்று. பாதியை ஏன் போட்டோம் என்று அப்பாவுக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்து தேடிப் பார்த்தேன். ஏழாவதில் அந்த முகவரி திரும்ப வந்தது. திரையைப் படம் பிடிக்கும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன்; சில வருடங்களுக்கு முன் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

அது பழைய பதிப்பும் இல்லை. எக்ஸ்டென்ஷன்களை பிரவுசர் தானாகவே புதுப்பித்துவிடும், நம்மைக் கேட்பதில்லை. ஸ்டோரில் அதன் பக்கத்தைப் பார்த்தால் உருவாக்கியவர் பெயர் வேறாக இருந்தது, அண்மை விமர்சனங்கள் எல்லாம் ஒற்றை நட்சத்திரம். கை மாறியிருக்கிறது. புது ஆள் அனுப்பிய அப்டேட்டோடு இந்தத் தொல்லையும் வந்திருக்க வேண்டும். இது புதிய கதையும் இல்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷனும் இப்படித்தான் கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது.

எனக்குப் பகீர் என்றது அதன் அனுமதிகளைப் பார்த்தபோதுதான். எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். நீக்கியதோடு விடாமல் வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் ஒருமுறை வெளியேறி, மறுபடி உள்ளே வந்தோம். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று.

மிச்சமிருந்ததில் மூன்றைத் தவிர எல்லாவற்றையும் தூக்கினேன். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் அப்டேட் பொத்தான் தெரியும். அதை அழுத்தி மூன்றையும் கையோடு புதுப்பித்தேன். கண்ட்ரோல் பேனலில் பழைய ஜாவா ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். ஜாவாவை பிரவுசருக்குள் ஓட்டும் பழைய வகை பிளக்-இன்களை 2015-இலேயே குரோம் கைவிட்டுவிட்டது.

இத்தனைக்கும் நடுவில், பிரவுசரின் சொந்த அப்டேட்டே இறங்கி, மறுதொடக்கத்துக்காகக் காத்துக் கிடந்தது! அப்பா கணினியை அணைப்பதே இல்லை, தூங்க வைப்பதோடு சரி. பிரவுசரையும் மூடுவதில்லை. "வாரம் ஒருமுறையாவது மூடித் திறங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். ஓர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆகிவிட்டதாம், கூடுதல் அனுமதி வேண்டும் என்று குரோம் அதை நிறுத்தி வைத்திருக்கிறதாம். "நான் எதையும் அழுத்தலை, நீயே சொல்லு" என்றார். எதற்கு அனுமதி கேட்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். எல்லாத் தளங்களையும் படிக்க வேண்டுமாம். அது வெறும் கால்குலேட்டர்.

இப்போது இரண்டுதான் இருக்கின்றன.