தேதியோடு படிக்க வேண்டிய கருத்துகள்

ஆள் எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விண்ணப்பம் வந்ததும் கல்வித் தகுதியையும் முன் அனுபவத்தையும் பார்ப்பதற்கு முன்பே பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்ப்பது, மனிதவளத் துறையில் எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் பலரும் கடைப்பிடிக்கிற நடைமுறையாகிவிட்டது. விண்ணப்பதாரர் எங்களுக்கென்று எழுதித் தருவது இரண்டு பக்கத் தற்குறிப்பு மட்டுமே. அவர் எப்போதோ, யாரையோ மனத்தில் வைத்து எழுதிய வலைப்பதிவுகளும் பின்னூட்டங்களும் அதைவிடப் பல மடங்கு இருக்கின்றன. அவற்றிலிருந்து நாலு வரியைப் பிய்த்தெடுத்து ஒருவரின் குணத்தையே தீர்மானித்துவிடுவது அநியாயம் என்று நான் கருதுகிறேன்.

சொந்தப் பெயரில் எழுதியதற்காக வேலை போவது புதிதல்ல. அமெரிக்காவில் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் தன் அலுவலகத்தைப் பற்றி வலைப்பதிவில் எழுதியதற்காக 2002-இல் வேலையை இழந்தார். அடுத்த ஆண்டு, மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் ஆப்பிள் கணினிகள் வந்திறங்கிய படத்தைத் தன் பதிவில் வெளியிட்ட ஒப்பந்த ஊழியர் ஒருவர் வெளியே அனுப்பப்பட்டார். இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகுதான் நிறுவனங்கள் இதற்கு விதிமுறை வகுக்கத் தொடங்கின. 2005-இல் ஐபிஎம் வெளியிட்ட வழிகாட்டுதலை அதன் ஊழியர்களே கூடி எழுதினார்கள் என்பதால் அதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. உன் பெயரைச் சொல், உனக்காகப் பேசு, நிறுவனத்தின் குரலாகப் பேசாதே, சொன்னதற்குப் பொறுப்பேற்றுக்கொள் என்பவையே அதன் சாரம். எழுதுகிறவருக்கு அது போதுமானது. படித்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற எங்கள் கைக்கு அப்படி எதுவும் வந்து சேரவில்லை.

ஒரு தேர்வுக் குழுக் கூட்டத்தில் விண்ணப்பதாரர் ஒருவரின் கோப்போடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இணைக்கப்பட்டிருந்தது. ஊழியரை நேரக் கணக்கால் மட்டுமே அளக்கும் மேலாளருக்கு வேலை என்றால் என்னவென்றே தெரியாது என்று அவர் காரசாரமாக எழுதிய பத்தி அது. பத்தியின் மேலே தேதி இருந்திருக்க வேண்டிய இடம் வெட்டப்பட்டிருந்தது. "இவர் யாருடனும் ஒத்துப்போக மாட்டார்" என்றார் குழுவில் மூத்தவர் ஒருவர். மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு பேசலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். பழைய பதிவின் அடியில், பல ஆண்டுகள் கழித்துச் சேர்த்த ஒரு குறிப்பு அதற்குரிய தேதியுடன் இருந்தது. தானே ஒரு குழுவை நடத்திப் பார்த்த பிறகு, நேரக் கணக்கு சில வேலைகளுக்குத் தேவைதான் என்று உணர்ந்ததாகவும், தன் எண்ணம் மாறிய வழி தெரியட்டும் என்பதற்காகப் பழைய வரிகளை அழிக்காமல் விட்டிருப்பதாகவும் அதில் எழுதியிருந்தார். எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும்விட அந்தக் குறிப்பு அவரைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது. அவரை நேர்காணலுக்கு அழைத்தோம். முடிவில் அனுபவம் கூடுதலாக இருந்த வேறொருவர் தேர்வானார். அந்த முடிவுக்கும் அவருடைய எழுத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் கோப்பில் குறித்து வைக்கச் சொன்னேன்.

வெட்டப்பட்ட தேதி ஒருவரது கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் இணையத்தின் அமைப்பே இந்த வெட்டுக்குத் துணை நிற்கிறது. தேடுபொறி பக்கங்களைக் காலவரிசையில் அடுக்குவதில்லை. எத்தனை இடங்களிலிருந்து ஒரு பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதன் கணக்கில் சேர்கிறது. நிதானமாக எழுதிய நூறு பதிவுகளை யாரும் பகிர்ந்திருக்க மாட்டார்கள். கோபத்தில் எழுதிய ஒன்றை மறுப்பவர்களும் திட்டுபவர்களும் சேர்ந்தே மேலே ஏற்றிவிடுவார்கள். ஆகவே, ஒருவரின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அவருடைய மோசமான நாளாகத்தான் இருக்கிறது.

அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 2001 முதல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த வேபேக் மெஷின் போன்ற காப்பகங்கள் பழைய பக்கங்களின் படிகளைச் சேமித்து வைத்திருக்கின்றன. வலுக்கட்டாயமாக மறைக்க முயன்றால் நேர்மாறான விளைவு ஏற்படுவதும் உண்டு. பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரிந்த கடற்கரைப் படம் ஒன்றை நீக்கக் கோரி 2003-இல் வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் அந்தப் படம் பதிவிறக்கப்பட்டது ஆறே முறை. வழக்குச் செய்தி பரவிய ஒரு மாதத்துக்குள் 4,20,000-க்கும் மேற்பட்டோர் அந்தப் படம் இருந்த இணையதளத்துக்குப் போனார்கள்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று வழங்கிய தீர்ப்பு. கடன் பாக்கிக்காகத் தன் சொத்து ஏலத்துக்கு வந்தது பற்றி 1998-இல் நாளிதழில் வெளியான அறிவிப்பு, கடன் தீர்ந்து பல ஆண்டுகளான பிறகும் தன் பெயரைத் தேடினால் வந்து நிற்கிறது என்று ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் முறையிட்டார். நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கலாம், பெயரைக் கொண்டு தேடும்போது அது முன்னால் வரவேண்டியதில்லை என்பது தீர்ப்பின் பொருள். உண்மையான தகவலும் காலப்போக்கில் பொருத்தம் இழக்கும் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் அது. அந்தச் சட்டம் செல்லாத நாட்டில் இருப்பவரும் ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

சொந்தப் பெயரில் எழுதலாமா என்று இளைய சக பணியாளர்கள் கேட்கும்போது, எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். அழுத்தமான கருத்து எனக்கு ஒரு தடையே அல்ல. வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமலே அவர் யாரென்று ஊகிக்கும்படி விவரம் தருவதும், உடன் வேலை செய்பவரின் தனிப்பட்ட துயரத்தைப் பொதுவில் பேசுபொருளாக்குவதும்தான் என்னைத் தயங்க வைக்கின்றன. இன்னொருவரின் பதிவுக்கு ஒருவர் இட்ட 'லைக்'கைச் சான்றாகக் கொண்டுவந்தால் நான் அதைப் பார்ப்பதே இல்லை. பிறகு படிக்கலாம் என்று குறித்து வைப்பதற்காகவும் அதை அழுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் குழுவில், தேடிப் பார்ப்பவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. தேடும்போது கண்ணில் படும் மதம், உடல்நிலை, குடும்பம் பற்றிய செய்திகள் குழுவுக்கு வந்து சேராமலிருக்கவே இந்த ஏற்பாடு. வேலைக்குத் தொடர்புள்ள பதிவு என்றால் தேதியும் பின்தொடர்ச்சியும் உள்ள முழுப் பக்கமாக வர வேண்டும். அதைக் காரணமாகக் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு முன், இது நீங்கள் எழுதியதுதானா என்று அவரிடமே கேட்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கும் உலகில் இந்தக் கேள்வி ஒன்றே சிலரைக் காப்பாற்றியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் விண்ணப்பதாரருக்குக் காரணம் சொல்லப்படுவதே இல்லை. நேர்காணல் அழைப்பு வரவில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். எந்தப் பக்கத்தைப் பார்த்தோம் என்பதையாவது அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.