மௌனவிரதம் இருக்கும் மொறிஸ் மைனர்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் என் மனைவி விரதம் இருப்பாள். இந்த முறை மூன்றாம் திருவிழாவன்று எங்கள் மொறிஸ் மைனர் காரும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு ஒருநேரச் சாப்பாடு, அதற்கு மௌனவிரதம்.

கொக்குவில் புகையிரதக் கடவையில் முன்சில்லுகள் தண்டவாளத்தில் ஏறி இறங்கியதுதான் தாமதம், இயந்திரம் அடங்கிவிட்டது. ஒரு இருமல் இல்லை, திணறல் இல்லை. ஸ்ராட்டரை இழுத்தேன். கிர்ர், கிர்ர் என்று சுற்றியதே தவிர, பற்றவில்லை. பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரரும் கச்சான் விற்பவரும் இறங்கித் தள்ளினார்கள். என் மனைவி தேங்காய்த் தட்டை மடியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் புகையிரதம் வந்தாலும் நின்றிருக்கும்.

எங்கள் கார் 1958ஆம் ஆண்டுப் பிறப்பு. அந்தக் காலத்து மைனரில் ஸ்ராட்டரைத் திறப்பு இயக்குவதில்லை. குமிழ் ஒன்றைக் கையால் இழுக்க வேண்டும். திறப்புப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அது சுற்றும். நானோ, சுற்றுகிறதே, அப்படியானால் மின்சாரத்தில் குறை இல்லை என்று முடிவு கட்டினேன். நான் பத்தாம் தரத்துக்கு மின்சுற்றுக் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டு ஐயா சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே நோயைச் சொன்னார்.

"தம்பி, நான் மண்ணெண்ணெயில் பருத்தித்துறைக்குப் போய் வந்த ஆள். இது காபரேற்றர்."

அவரைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் பெற்றோல் வடக்குக்கு வரத் தடை இருந்தபோது, ஒரு மூடி பெற்றோலைக் காட்டி ஆசைப்படுத்தி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் காபரேற்றரின் நாடி அந்தத் தலைமுறைக்குத் தெரியும். புகையின் நிறத்தைப் பார்த்தே வயிற்றுக் கோளாறு சொல்வார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் எந்தப் பழைய கார் நின்றாலும் குற்றவாளி காபரேற்றர்தான். நான் அதை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். மூன்றாவது முறைக்குப் பிறகு என் சட்டைகளை மனைவி தனிவாளியில் போட்டாள்.

பிறகு இன்னொரு சந்தேக நபர் கிடைத்தார். மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று கேட்கும். காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். கார் நிற்கும் வேளைகளில் அந்த டிக் டிக் இல்லை என்பதை ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். பழைய பம்புகளின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்வதும், மெல்லத் தட்டினால் விடுபடுவதும் உலகறிந்த கதை. எனவே காருக்குள் ஒரு பூவரசங்கட்டை குடியேறியது. கார் நிற்கும், இறங்குவேன், பொனற்றைத் திறந்து பம்பில் இரண்டு தட்டு, பொனற்றைப் படார் என்று அறைந்து மூடுவேன், கார் பற்றும். எட்டு முறைக்கு ஏழு முறை பலித்தது. இதைவிட நல்ல நிரூபணம் எந்த ஆய்வுகூடத்தில் கிடைக்கும்?

"நீங்கள் அறைந்து மூடுகிற மூடலில் அது பயந்து எழும்புகிறது" என்றாள் மனைவி. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற வழியில்லை.

ஒருநாள் மாலை எங்கள் படலையடியிலேயே நின்றது. நல்ல சந்தர்ப்பம் என்று மல்ரிமீற்றரை எடுத்து வந்தேன். பெற்றோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது கொயில். அதற்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றி அளந்தால் கழித்தல் 11.8 வோல்ட். கழித்தலைக் கண்டு மிரள வேண்டாம். இந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பிணைந்திருக்கிறது, இன்றைய கார்களுக்கு நேர் எதிர். எனக்கு அது முன்பே தெரியும். முன்பொரு வருடம் டாஷ்போர்ட்டில் பிள்ளையாரை வைத்து, அவருக்குப் பின்னால் சின்னதாக எல்.ஈ.டி. விளக்குப் பூட்டியபோது, வயர்களை மாற்றிக் கொடுக்கும்வரை அது எரிய மறுத்தது. எப்படியோ, 11.8 வந்துவிட்டது. வயர் சுகம் என்று சான்றிதழ் வழங்கிவிட்டு மறுபடி பூவரசங்கட்டையை எடுத்தேன்.

கடைசியில் கராஜ் அண்ணையிடம் சரணடைந்தேன். அவரை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தில் இரண்டு தரம் போய் வந்தோம். இரு பக்கமும் கடல்நீர், நேரான வீதி, நல்ல காற்று. கார் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைபோல ஓடியது. அண்ணை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். பின் இருக்கையில் மனைவியும், "நாங்கள் தனியே வரும்போது மட்டும்தான் நிற்கும்" என்று தன் பங்குக்குச் சொன்னாள்.

திரும்பும் வழியில் கொக்குவில் கடவை. ஏறி இறங்கியதும் விரதம் தொடங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கார் நின்றதற்கு மகிழ்ந்தேன்.

நான் கட்டையோடு இறங்கப்போக, அண்ணை கையைப் பிடித்தார். "ஒன்றிலும் தொடாதையுங்கள் சேர். அந்தச் சிவப்பு லைற்றைப் பாருங்கள்."

திறப்புப் போட்டால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு, அணையப்போகும் அடுப்புத் தணல்போல மங்கிக் கிடந்தது. இத்தனை நாள் அது என் கண் முன்னால்தான் இருந்தது.

காரை ஓரமாகத் தள்ளிய பிறகு, அவர் பையிலிருந்து ஒரு பழைய ஹெட்லைற் பல்பை எடுத்தார். அதில் இரண்டு வயர், நுனியில் கவ்விகள். என் 11.8 வோல்ட் கதையைச் சொன்னேன்.

"மீற்றருக்கு ஒரு மயிரிழை போதும் சேர், அது மின்சாரத்தைக் குடிப்பதில்லை. இது குடிக்கும்."

பொனற்றைப் பூப்போலத் திறந்து, அதே வெள்ளை வயரின் நுனியில் பல்பைப் பிடித்தார். இழை மட்டும் லேசாகச் சிவந்தது. பிறகு டாஷ்போர்ட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, திறப்புச் சுவிச்சுக்குள் நுழையும் பிறவுண் வயரில் பிடித்தார். பல்ப் பளீரென்று எரிந்தது. வெளியேறும் வெள்ளை வயரில் பிடித்தார். மறுபடி தணல். கொயில், பம்ப், சிவப்பு விளக்கு மூன்றுக்கும் மின்சாரம் போகும் வழி அதுதான். கைவிளக்கை வாங்கிக்கொண்டு வெகு நேரம் உள்ளே பார்த்தார்.

"இஞ்சை பாருங்கள்" என்றார்.

நானும் தலையை நுழைத்தேன். சுவிச்சின் திருகாணிக்குள் வெள்ளை வயரின் செப்பு இழைகள் பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டும். இருந்தவை இரண்டு. அவையும் கருகி, பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. மற்றவற்றை யாரோ குறட்டால் வெட்டி இடம் செய்து, அந்த இடத்தில் ஒரு மெல்லிய சிவப்பு வயரைச் செருகியிருந்தார்கள். திருகாணியும் தளர்ந்திருந்தது. குலுங்கினால் தொடுகை போகும். இன்னொருமுறை குலுக்கினால், உதாரணமாகப் பொனற்றை அறைந்து மூடினால், வரும். சிவப்பு வயர் மேலே ஏறி, டாஷ்போர்ட்டின் துளையொன்றால் வெளியே வந்து, பிள்ளையாரின் முதுகில் முடிந்தது.

"சேர், கொயிலுக்குப் போகவேண்டிய வயரை வெட்டி யாரோ கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கழுதை பார்த்த வேலை இது?"

"நாங்கள் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்" என்றேன்.

பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. "பிள்ளையார் நாங்கள் வாங்கின பிறகு வந்தவர் அண்ணை."

அண்ணை எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். வயரின் நுனியை நல்ல செப்பு தெரியும்வரை வெட்டிச் சீவி, திருகாணியை இறுக்கினார். பிள்ளையாருக்குத் தனி வயரும் தனிப் பியூசும் கிடைத்தன. அரை மணித்தியாலம்தான். டிக் டிக் டிக் என்று பம்ப் பேசியது. கடவையை நாலு தரம் தாண்டிப் பார்த்தோம். கடவைக் காவலர் ஐந்தாவது தரம் எங்களை மறித்துச் சுகம் விசாரித்தார்.

தேர்த் திருவிழாவுக்குச் சிக்கலில்லாமல் போய் வந்தோம். மறுநாள் காலை காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து ஐயா கேட்டார்.

"என்ன தம்பி, வருத்தம் பிடிபட்டதா?"

"ஓம் ஐயா. காபரேற்றர்தான்."

"நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சாய்ந்துகொண்டார்.