தங்கூசிக் கம்பிகளும் ஒரு சோர்ட்ஃபிஷ் விமானமும்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. திருகோணமலை சீனக்குடாவிலிருந்து புறப்பட்ட ஆறு ஃபெயரி சோர்ட்ஃபிஷ் விமானங்கள் டோர்பிடோக்களைச் சுமந்தபடி கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத் தளத்துக்கு வந்துகொண்டிருந்தன. பிரித்தானியக் கடற்படையின் 788ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை அவை. கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய ஸீரோ விமானங்களின் கண்ணில் பட்டன. ஆறில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

நம் பாடசாலையின் பொழுதுபோக்குக் கழக அறையின் கண்ணாடி அலுமாரியில் மேல் தட்டில் நின்ற இரட்டை இறக்கை விமானம் நம் காலத்து மாணவர் பலருக்கும் நினைவிருக்கும். காலி வீதிக்கு மேலாக இரத்மலானையில் இறங்கப்போகும் விமானத்தின் சத்தம் வகுப்பறைக்குள் கேட்கும். அதே வழியில் வந்து சேராமல் போன விமானத்தின் சிறு வடிவம் அலுமாரிக்குள் இருந்தது. இன்று ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் நம்மவர் சிலர் ஓய்வுபெற்ற பின், பெட்டியில் வரும் பிளாஸ்ரிக் பாகங்களை ஒட்டிச் சிறு விமானம் கட்டும் அந்தக் கைவேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த அறையில் கற்ற முறையோடு பின்னாளில் பட்டறிந்து திருத்திக்கொண்டவற்றையும் அவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் அளவு. உண்மை விமானத்தின் இறக்கை அகலம் 13.87 மீற்றர், நீளம் 10.87 மீற்றர். 1/72 அளவில் இறக்கை 193 மி.மீ. வரும், 1/48 இல் 289 மி.மீ. இரண்டு இறக்கைகளுக்கும் இடையே முதல் தடவை கம்பி கட்டுபவர்கள் சிறியது சுலபம் என்று 1/72 ஐ எடுப்பதுண்டு. அது தவறு. கம்பிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், விரல் நுழைய இடம் மட்டுமே குறைகிறது. தமியா நிறுவனம் வெளியிட்ட 1/48 பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தும். இறக்கைகளை மடித்த நிலையில் வைக்க ஆசை வரலாம். மடித்தால் கம்பிகளின் அமைப்பே மாறிவிடும், அதை இரண்டாவது விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1942 க்கு உரியது மார்க் 1 எனும் முதல் ரகம். றொக்கற் ஏவுவதற்காகக் கீழ் இறக்கையின் அடியில் உலோகத் தகடு போட்ட மார்க் 2 அடுத்த வருடம்தான் சேவைக்கு வந்தது. ஆகவே றொக்கற் தாங்கிகளை ஒட்டக்கூடாது.

பாகங்களைச் சட்டத்தோடே சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ற் பிடிக்காது. அடுத்து, இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் தாங்கு கால்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் அச்சுக் கோடு இருக்கும். அதை அரத்தாளால் தேய்த்தால் கால் தட்டையாகிவிடும். பிளேட்டின் முதுகைச் சாய்த்துப் பிடித்து இழுத்துச் சுரண்டினால், முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் ஒடுங்கியும் உள்ள காற்று வெட்டும் வடிவம் கெடாது.

பசைப் போத்தலைத் திறப்பதற்கு முன்பே கம்பித் துளைகளைப் போட்டுவிட வேண்டும். 0.3 மி.மீ. துளைக்கும் ஊசியைக் கைப்பிடியில் பொருத்தி, விரலால் உருட்டியே துளையுங்கள். மின் துளைகருவி பிளாஸ்ரிக்கை உருக்கிவிடும். மேல் இறக்கையில் அடிப்பக்கத்தில் ஒரு மி.மீ. ஆழம் போதும், மேற்புறம் கிழியக்கூடாது. கீழ் இறக்கையிலும் உடற்பகுதியிலும் துளை மறுபக்கம் வரை போகவேண்டும், ஏன் என்பது பின்னால் தெரியும். கம்பி எந்தப் பக்கம் சாய்ந்து போகுமோ துளையும் அதே சாய்வில் இருக்கட்டும். செங்குத்தாகத் துளைத்தால், கம்பியாகக் கட்டும் தங்கூசி (தூண்டில் நரம்பு) துளையின் வாயில் மடிந்து, கம்பி முறிந்து நிற்பதுபோலத் தெரியும்.

விமானி அறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமானி, அவதானிப்பாளர், பின்னால் தந்தியும் துப்பாக்கியும் பார்ப்பவர் என்று மூவர் அமரும் திறந்த அறை. இருக்கைப் பட்டிகளைத் தேயிலைப் பக்கற்றின் உள்தாளில் 0.8 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ஈர்க்கில் சுற்றி வளைவு கொடுத்தால் துணிப் பட்டி போலவே தொங்கும். எஞ்சின் பிறிஸ்டல் பெகஸஸ், 690 குதிரைவலு, நட்சத்திரம் போல விரிந்த ஒன்பது சிலிண்டர்கள். கறுப்பு அடித்துக் காய்ந்தபின், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் அலுமினிய நிறத்தை எடுத்துச் சிலிண்டர் வரிகளின் மேல் தடவுங்கள். முன்னால் உள்ள புகை வளையத்துக்குக் கபில நிறத்தில் கொஞ்சம் செம்பு கலந்தால் சூடுபட்ட உலோகத்தின் நிறம் வரும்.

அடுத்தது பெயின்ற். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பெட்டியில் உள்ள படங்களின் ஒழுங்கில் போனால், விமானத்தை முழுதாகப் பூட்டிய பிறகு பெயின்ற் அடிக்க நேரும். ஒற்றை இறக்கைக்கு அது சரி. இரட்டை இறக்கையில் கீழ் இறக்கையின் மேற்புறத்துக்கும் மேல் இறக்கையின் அடிப்புறத்துக்கும் தூரிகையே போகாது. சோர்ட்ஃபிஷுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்படையின் உருமறைப்பு விதிப்படி மேல் இறக்கைக்கு எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. கீழ் இறக்கையின் மேற்புறத்துக்கு அவற்றிலும் வெளிறிய டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் கீழே விழுந்து இருட்டாக்கும் என்பதால் அந்த இருட்டை ஈடுசெய்யத்தான் இந்த வெளிறல். அடிப்புறம் முழுக்க ஸ்கை எனும் வெளிறிய பச்சை. ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் மற்ற நிறம் படாமல் மறைக்க மாஸ்கிங் ரேப். தாங்கு கால்கள் இடையில் நின்றால் ரேப் ஒட்ட வழியே இல்லை. ஆகவே உடலும் கீழ் இறக்கையும் ஒரு துண்டு, மேல் இறக்கை ஒரு துண்டு, கால்கள், எஞ்சின், சில்லுகள், டோர்பிடோ தனித்தனி என்று பிரித்து வைத்து ஒவ்வொன்றையும் முற்றாக நிறம் தீட்டி முடியுங்கள். பூட்டும் குழிகளில் பட்ட பெயின்றைப் பிளேட் நுனியால் சுரண்டி எடுக்க மறக்காதீர்கள். பிளாஸ்ரிக் பசை பிளாஸ்ரிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது. இடையில் பெயின்ற் இருந்தால் அது பெயின்றை மட்டுமே பிடிக்கும், பிறகு ஒரு கம்பியை இழுத்தவுடன் கால் கழன்று வரும்.

கொழும்பில் வைத்துப் பெயின்ற் அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மழை இருட்டும் பின்னேரத்தில் லக்கர் பெயின்றை விசிறினால் அது வெண்மையாகப் பூத்துப்போகும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதே காரணம். வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. பூத்துவிட்டால் சுரண்டாதீர்கள். காய்ந்த ஒரு நாளில் வெறும் தின்னரை மெல்லிய பனியாக விசிறினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சுப்பர் குளூவும் ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் நம்மூரில் அது விரைவாகப் பிடிக்கும், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் பொடியும் படியும். ஒட்டியதும் மின்விசிறியைத் தூரத்தில் மெதுவாக ஓடவிடுங்கள்.

பிரித்தானிய விமானங்களின் அடையாளமான வட்டக் குறிகளை ஒட்டுமுன் திகதியைப் பாருங்கள். 1942 மேயில்தான் பிரித்தானியர் வெள்ளை வளையத்தையும் மஞ்சள் வளையத்தையும் ஒடுக்கினார்கள். ஏப்ரல் விமானத்தின் உடற்புறத்தில் மஞ்சள் வளையம் தடிப்பாகவும், வால் செட்டையின் மூன்று நிறப் பட்டைகள் சம அகலமாகவும் இருக்க வேண்டும். மேல் இறக்கையின் மேலே சிவப்பும் நீலமும் மட்டும்.

இனி மேல் இறக்கையைப் பூட்டுவது. தடித்த காட்போட்டில் இரண்டு தாங்கிகள் வெட்டிக்கொள்ளுங்கள், கீழ் இறக்கையின் இரு நுனிகளும் அவற்றில் அமரும்படி. மேல் இறக்கையைக் கவிழ்த்து மேசையில் வைத்து, நடுக் கால்களை முதலில், வெளிக் கால்களைப் பிறகு பொருத்தி, அதை நிமிர்த்திக் கீழ் இறக்கையின் மேல் இறக்குங்கள். இங்கே சுப்பர் குளூ வேண்டாம். தடித்த பிளாஸ்ரிக் பசை சில நிமிடங்கள் அசைய இடம் தரும். அந்த நேரத்துக்குள் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். மேசையிலிருந்து மேல் இறக்கையின் இடது, வலது நுனிகளின் உயரம். ஒவ்வொரு நுனியிலிருந்தும் வாலின் முனைக்கு உள்ள தூரம். முன்னால் நின்று பார்க்கும்போது இரண்டு இறக்கைகளின் முன்விளிம்புகளும் ஒருபோக்கில் தெரிகின்றனவா என்பது. இடத்துக்கும் வலத்துக்கும் அரை மி.மீ. வரை வித்தியாசம் பொறுக்கலாம், அதற்கு மேல் இருந்தால் அப்போதே திருத்துங்கள். மேல் இறக்கை சற்றே பின்னோக்கி வளைந்திருப்பது பிழையல்ல, உண்மை விமானமே அப்படித்தான். றப்பர் வளையம் போட்டு இறுக்காதீர்கள், கால்கள் வளைந்தபடியே இறுகிவிடும். ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

கம்பிகளில் இரண்டு வகை. உடலின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்புறத்துக்குப் போவது தூக்குக் கம்பி. பறக்கும்போது இறக்கை மேலே எழும்பப் பார்க்கும், அதை இது பிடித்து வைக்கிறது. மேல் இறக்கையின் நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்புறத்துக்கு இறங்குவது தரைக் கம்பி, நிற்கும்போது இறக்கையின் பாரத்தைத் தாங்குவது. உண்மைக் கம்பிகள் உருண்டையல்ல. காற்றை வெட்டும் தட்டையான உருக்குக் கம்பிகள், நுனியில் கவர் முனையும் திருகாணியும். முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்களில் காணும் தடித்த இறுக்கு முறுக்கிகளைச் செய்து சோர்ட்ஃபிஷில் ஒட்டுவது அழகாகத் தோன்றலாம், ஆனால் அது பிழை. 10 மி.மீ. அகலக் கம்பி 1/48 இல் 0.2 மி.மீ. ஆகிறது. அதற்கு மேல் தடித்த நூல் கயிறு போலத் தெரியும்.

கழக அறையில் பயன்பட்டது புறக்கோட்டையில் வாங்கும் தங்கூசி, 0.12 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரை. ஒரு நுனியை மேல் இறக்கையின் துளையில் நுழைத்துச் சுப்பர் குளூ வையுங்கள். பசை எடுக்க, தையல் ஊசியின் காதை நடுவே வெட்டி இரு கவராக்கினால் மிகச் சிறு துளி மட்டும் ஏறும். மேல் நுனிகள் எல்லாம் ஒட்டி, மறுநாள் மற்ற நுனிகளைக் கீழ்த் துளைகளால் அடிப்பக்கம் இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்ரிக் உடுப்புக் கிளிப்பைத் தொங்கவிடுங்கள். அந்தச் சில கிராம் பாரம் போதும். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று, நடுவிலிருந்து வெளியே என்று போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இறக்கை முறுகிவிடும், பிறகு எந்தக் கம்பியை இழுத்தாலும் நேராகாது. பசை இறுகியபின் வெளியே நீட்டியதை வெட்டி, துளையைப் புட்டியால் அடைத்து நிறம் தொடுங்கள். ஒன்றிரண்டு தொய்ந்திருந்தால் ஊதிவிட்ட ஊதுபத்தியின் நுனியை அருகில், தொடாமல், ஒரு கணம் காட்டினால் சூட்டில் நைலோன் சுருங்கி நேராகும். தொட்டால் அறுந்துவிடும். கம்பிகள் குறுக்கே வெட்டும் இடங்களில் உராயாமல் இருக்க உண்மை விமானத்தில் இரு முனையும் கூரான சிறு கட்டை உண்டு, ஒரு துளி வெள்ளைப் பசை காய்ந்தால் அந்த வடிவம் தானாக வரும்.

வெளிநாட்டிலிருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துவைக்க வேண்டும். சாதாரணத் தங்கூசி நைலோன், அது ஈரத்தை உறிஞ்சி நீளும், காய்ந்தால் சுருங்கும். கொழும்பு மழைக்காலத்தில் இழுத்துக் கட்டிய விமானத்தைக் கனடாவின் சூடேற்றிய வீட்டில் வைத்தால் கம்பிகள் சுருங்கிக் கால்களை வளைக்கின்றன. அங்கே மாரியில் கட்டி இங்கே கொண்டுவந்தால் தொய்கின்றன. புளூரோகாபன் தங்கூசி ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது, விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள். இழுபடும் லைக்ரா நூலும் நல்லது, கை பட்டாலும் மீண்டும் நேராகும். தமியா தனியே விற்ற உலோகத் தகட்டுக் கம்பிகள் தட்டையாக, பார்வைக்கு மிகச் சரியாக இருக்கும். ஆனால் அவை கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. அரை மி.மீ. நீளம் கூடினாலும் வில்லாக வளைந்து நிற்கும், கவராயத்தால் இடைவெளியை அளந்து பார்த்தே பொருத்த வேண்டும்.

கடைசியில் டோர்பிடோ. உண்மையில் விட்டம் 450 மி.மீ., பாரம் 700 கிலோவுக்கு மேல். 1/48 இல் விட்டம் 9.4 மி.மீ. சில்லுக் கால்களுக்கு இடையில் குறுக்குத் தண்டு இல்லாததே அது தொங்குவதற்கு இடம் விடத்தான். அதன் வாலில் இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும், அலகுகளின் சாய்வும் எதிரெதிராக இருக்கட்டும். கம்பி வேலை முடிந்தபின் விமானத்தைக் கவிழ்க்க முடியாது. ஆகவே கம்பிகளுக்கு முன்பே தாங்கியை ஒட்டிவைத்து, டோர்பிடோவை இறுதியில் பக்கவாட்டில் செருகுங்கள். கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஆறும் அதைச் சுமந்துதான் வந்தன. அடித்தட்டில் ஒட்டும் பெயர்ப்பலகையில் விமானத்தின் பெயருக்குக் கீழே சீனக்குடா, இரத்மலானை என்ற இரண்டு ஊர்ப் பெயர்களையும் திகதியையும் எழுதுங்கள்.