நந்தி மலையிலிருந்து கிண்டர் ஸ்கௌட்டுக்கு

எங்கள் பெங்களூரு ஓட்டக் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நம்ம நந்தி மலை 1,478 மீட்டர். இங்கிலாந்தில் நீங்கள் புகழும் கிண்டர் ஸ்கௌட் 636 மீட்டர்தானே?" உயரம் சரிதான். ஆனால் நந்தியில் காலுக்கடியில் கெட்டிப் பாறை. கிண்டரின் உச்சிச் சமவெளியோ கறுத்த சதுப்பு மண். மழைக்குப் பிறகு கணுக்காலைப் பிடித்து இழுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது: மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஈடேல் கிராமம். அங்கிருந்து அப்பர் பூத், ஜேக்கப்ஸ் லேடர் ஏற்றம், கிண்டர் லோ, அப்புறம் மலை விளிம்பை ஒட்டியே கிண்டர் டவுன்ஃபால் அருவி. மேற்குக் காற்று பலமாக அடித்தால் அருவித் தண்ணீர் மேல்நோக்கிப் பறந்து முகத்தில் அறையும். அப்படி ஓர் ஆனந்தம்!

ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் வேட்டை நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி இதில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே மூடுபனி சட்டென்று இறங்கும். நம் பெங்களூரு துரஹள்ளிக் காட்டில் போடும் ஷூ அங்கே வழுக்கும். அடியில் ஆழமான பற்கள் உள்ளதாக வாங்குங்கள்.