மறுப்புக்கும் அதே பக்கத்தில் இடம்

மாவட்டப் பதிப்புகள் உள்ள ஒரு தமிழ் நாளிதழில் வாசகர் கடிதங்கள் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். உதவி ஆசிரியர்கள் யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத பக்கம் அது. அடைத்துக்கொண்ட சாக்கடை, வராத பேருந்து, எரியாத தெருவிளக்கு, ரேஷன் கடைப் பாமாயில் என்று தினமும் ஒரு கட்டு வரும். சுருக்கி, பிழை திருத்தி, மாலைக்குள் பக்கம் முடித்துவிடலாம். அந்தக் கட்டுக்குள்தான் ஒருநாள், நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஊர் டீக்கடையில் தங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“போட வேண்டாம், நாலு பேர் மனசு புண்படும், ஊரில் பிரச்சினை வரும்” என்றார் எங்கள் மூத்தவர். அவர் நல்ல மனிதர், கலவரங்களை நேரில் பார்த்தவர், அவருடைய அச்சம் பொய்யில்லை. ஆனால் அந்த நாலு பேர் கணக்கில் கடிதம் எழுதியவர் சேரவில்லை என்பது எனக்கு உறுத்தியது. தினமும் காலையில் அந்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவருக்கும் மனசு உண்டே. நீண்ட நேரம் பேசினோம். பகுதி நேர நிருபரை அனுப்பி விசாரித்த பிறகு, பெயரை வெளியிடாமல் கடிதத்தைப் போட்டோம்.

மறுவாரம் அதே ஊரிலிருந்து மறுப்பு வந்தது. எல்லோருக்கும் காகிதக் கப்தான் கொடுக்கிறோம், ஊர்ப் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று. அதையும் அதே இடத்தில், அதே அளவில் போட்டோம். அதற்கும் பதில் வந்தது: கப் சரி, பெஞ்சில் ஏன் உட்கார விடுவதில்லை? ஒரே ஊரில் நேருக்கு நேர் நின்று ஒருபோதும் பேசியிருக்க முடியாத இரண்டு பேர், எங்கள் பக்கத்தில் சில வாரங்கள் வாதாடினார்கள். கல்லெறி எதுவும் நடக்கவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனதாக நிருபர் சொன்னார். தீண்டாமையைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அந்தக் கடைக்கு அது வந்து சேர ஒரு பென்சில் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் எந்த மாற்றம் இப்படிப் பேச்சில் தொடங்காமல் வந்திருக்கிறது? சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கியபோது, அவர் எழுதியதெல்லாம் பலருக்குக் கசந்திருக்கும். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் சிலர் அதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வாதத்துக்குப் பிறகு 1947-ல் சட்டம் வந்தது. நான் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம். ஆனாலும் எதிர்த்தவர்களின் மனுக்கள் இன்று படிக்கக் கிடைப்பதை நல்லதென்றே நினைக்கிறேன். அந்தப் பெண்கள் எதை இழக்க அஞ்சினார்கள் என்பது அவர்கள் வாயாலேயே நமக்குத் தெரிகிறது.

எனக்குப் பிடிக்காத கடிதங்களும் வந்தன. இடஒதுக்கீட்டை எதிர்த்து எழுதுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். தெளிவாக, மரியாதையாக எழுதுவார். அவர் சொன்ன ஒரு வரியைக்கூட நான் ஏற்றுக்கொண்டதில்லை. படிக்கும்போதே கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வரும். அவற்றைப் போட்டேன். இடஒதுக்கீட்டை விமர்சித்த தமிழ்ப் படம் ஒன்றின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஊர்வலம், வன்முறை என்று மிரட்டல் வருகிறது என்பதற்காகக் கருத்துரிமையை நசுக்கக் கூடாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1989-ல் அதைத் திரும்பக் கொடுத்தது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை, தீர்ப்போடு முழு உடன்பாடு. என் தரப்பு பேச எந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமோ, அதே கதவு வழியாகத்தான் அந்த ஆசிரியரும் வர வேண்டும். அவருக்கு வாசகர்கள் எழுதிய பதில்கள் என் பக்கத்திலேயே வந்தவற்றில் மிகச் சிறந்தவை. கல்லூரிக்குப் போன தன் வீட்டு முதல் ஆள் என்று ஒரு பெண் எழுதிய கடிதம் அவர் இல்லாமல் வந்திருக்காது.

ஒரு சாதியையோ மதத்தையோ இழித்தும், அடிக்கத் தூண்டியும் வந்த கடிதங்களை வைத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்குத் தயக்கம் இருந்ததே இல்லை. சுடுசொல்லைத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவரை ஊரைவிட்டு விரட்டச் சொல்வதற்கும் அதற்கும் உள்ள தூரம், கடிதத்தைக் கையில் வைத்துப் படிக்கிறவருக்குத் தெரியும்.

இந்த வேலையில் நான் கண்ட பெரிய தடை சட்டத்தில் இல்லை. அரசமைப்பின் 19-வது பிரிவு அரசாங்கத்திடமிருந்து நம்மைக் காப்பாற்றும். பால் சொசைட்டியில் பாலை வாங்க மறுத்தால், களை எடுக்கக் கூப்பிடாமல் விட்டால், எந்தப் பிரிவைக் காட்டுவது? “பெயர் போடாதீங்க சார்” என்று போனில் கெஞ்சியவர்கள் போலீசுக்குப் பயந்தவர்கள் இல்லை, பக்கத்துத் தெருவுக்குப் பயந்தவர்கள். 2015-ல், தன் நாவலுக்கு உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியபோது, எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் உட்காரவைத்து நடத்தியதும் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’தான். அங்கே எட்டப்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் வரை போக முடிந்தவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது. பென்சிலால் எழுதுகிறவருக்கு நாளிதழின் அந்த அரைப் பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை.

இப்போது பல இதழ்களில் அந்தப் பக்கம் சுருங்கி, விளம்பரம் வந்தால் முதலில் தூக்கப்படுவதும் அதுவாகத்தான் இருக்கிறது. டெஸ்க்கில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: பெயர் சொல்ல அஞ்சுகிறவரின் கடிதத்தை ஒதுக்காதீர்கள், ஆள் அனுப்பி விசாரியுங்கள், உண்மை என்றால் போடுங்கள், மறுப்பு வந்தால் அதையும் வெட்டாமல் போடுங்கள்.