காலை 9 மணி இ.எஸ்.டி.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்தில், நியூயார்க்கிலிருந்து எனக்கு வந்த நேர்காணல் அழைப்பில் ‘காலை 9 மணி இ.எஸ்.டி.’ என்றிருந்தது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரமான இ.எஸ்.டி. உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு 5 மணி நேரம் பின்தங்கியது என்பதால், எழுதியிருந்ததை அப்படியே நம்பிக் கணக்கிட்டு, சென்னையில் இரவு 7.30 மணிக்குக் கணினி முன் அமர்ந்தேன். அவர்கள் 6.30 மணிக்கே வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தார்கள். கோடையில் அங்கே நடப்பிலிருப்பது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய கோடைக்கால நேரமான இ.டி.டி.; அழைப்பை எழுதியவர் ஆண்டு முழுவதும் இ.எஸ்.டி. என்றே எழுதிப் பழகியவர்.

நம்முடைய ஐ.எஸ்.டி.யும் நமக்கு மட்டும் உரியதன்று. இஸ்ரேலின் நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தாம். அயர்லாந்திலோ கோடைக்கால நேரத்துக்கே அந்தப் பெயர். சி.எஸ்.டி. என்று எழுதினால் சிகாகோவின் குளிர்கால நேரமாகவும் இருக்கலாம், சீன நேரமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 14 மணி நேரம்.

மார்ச் மாதம் இதைவிடக் கடினமானது. 2007 முதல் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது. ஐரோப்பா கடைசி ஞாயிறுவரை காத்திருக்கிறது. நியூயார்க்கில் வாரந்தோறும் காலை 10 மணிக்கு நடக்கும் கூட்டத்தில் குளிர்காலம் முழுவதும் சென்னைக்காரர் இரவு 8.30 மணிக்கும் லண்டன்காரர் பிற்பகல் 3 மணிக்கும் சேர்ந்துகொள்வார்கள். அந்த இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் சென்னையில் அது 7.30 மணியாகவும் லண்டனில் 2 மணியாகவும் மாறும். பிறகு லண்டனில் மட்டும் மீண்டும் 3 மணியாகிவிடும். கடிகாரத்தையே தொடாத நாம்தான் இதில் அதிகம் குழம்புகிறோம்.

எல்லாவற்றையும் யூ.டி.சி.யில் எழுதினால் போதும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஒருமுறை மட்டும், அதுவும் விரைவில், நடக்கும் சந்திப்புக்கு அது சரி. வாரந்தோறும் நடப்பதற்கும் பல மாதங்கள் கழித்து நடப்பதற்கும் அது போதாது. ஏனென்றால் அரசுகள் விதியையே மாற்றுகின்றன. மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. லெபனானில் 2023 மார்ச்சில் நேரமாற்றத்தைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு கடைசி நேரத்தில் வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊரின் பெயரைக் குறித்து வைத்திருந்தால், விதி மாறினாலும் கூட்டம் அந்த ஊர்க் கடிகாரத்தின்படியே நடக்கும். கணினிகளும் நியூயார்க், கொல்கத்தா என ஊர்ப் பெயர்களைக் கொண்டே நேர விதிகளை அடையாளம் காண்கின்றன.

இப்போதெல்லாம் அழைப்பு எந்த எழுத்துகளோடு வந்தாலும், நான் அனுப்பும் பதிலில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘2025 செப்டம்பர் 16, செவ்வாய், நியூயார்க்கில் காலை 9 மணி, சென்னையில் மாலை 6.30 மணி. சரிதானே?’